முதல் காது

முந்தல்கரைக்குப் புதுப் பாட்டு எது வந்தாலும், அதை எந்த நாட்டுக்காரன் பாடியிருந்தாலும், ஊர் எல்லைக்குள் அது முதல் தடவை ஒலிக்கும்போது, பாடகர் மூச்சு வாங்கும் நேரத்திலோ வயலின் ஓய்ந்து மிருதங்கம் எடுக்கும் இடைவெளியிலோ, ஊரில் எவரோ தம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசிய பேச்சு ஒன்று, பேசினவர் குரலிலேயே, தாளம் தப்பாமல் வந்துவிட்டுப் போகும். இரண்டாம் தடவை போட்டால் வராது, பாட்டு மட்டும்தான் இருக்கும். அம்மன் கோயில் கொடைக்கு அந்த வருஷம் வெளிவந்த பக்தி ஆல்பம் ஒன்றை ஒலிபெருக்கிக் குழாயில் போட்ட அன்றுதான் இது முதலில் தெரியவந்தது. பாடகி அம்மனைக் கூப்பிட்டு இழுத்த இழுப்பு முடிந்த கையோடு, "இந்த ஊர்க்காரப் பயலுவ மூஞ்சியப் பாத்தாலே எனக்குக் கொமட்டிக்கிட்டு வருது, கும்புடு போட்டுப் போட்டுக் கை ரெண்டும் வலிக்குதுடி" என்று கவுன்சிலர் வேலாண்டி தன் பெண்டாட்டியிடம் சொன்னது நாலு திசைக் குழாயிலும் கணீரென்று கேட்டது. கவுன்சிலர் அப்போது முதல் வரிசையில் கும்பிட்ட கையோடுதான் நின்றுகொண்டிருந்தார். யாரும் ஓடவில்லை, யாரும் சாமியாடவில்லை. கொடை முடிகிறவரைக்கும் நின்று, கஞ்சி குடித்துவிட்டு, எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சாத்திய கதவுக்குப் பின்னால் இனிமேல் பேசுவதா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கிறிஸ்துமஸுக்கு மாதாகோயில் இளைஞர்கள் போட்ட வெள்ளைக்காரர் ராக் பாட்டில், மாதாகோயில் மணியடிக்கும் கோயில்பிள்ளை வீட்டுப் பேச்சு வந்தது. கல்யாண மண்டபத்தில் டி.ஜே. போட்ட ஆட்டப் பாட்டில், மணப்பெண்ணின் பல்லைப் பற்றி மாப்பிள்ளையின் தாயார் தன் தங்கச்சியிடம் சொன்னது வந்தது. கல்யாணம் நடந்தது, ஆனால் இன்றைக்கும் அந்த வீட்டில் இரண்டு அடுப்பு. செல்போன் கோபுரம்தான் காரணம் என்றார்கள் சிலர், உப்புக்காற்று என்றார்கள் சிலர். மின்வாரியத்திலிருந்து ஒருவர் வந்து கம்பத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு டீ குடித்துப் போனார். காரணம் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்று ஊர் சீக்கிரமே முடிவு கட்டிவிட்டது. தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்றுதான். யாருக்குச் சொன்னோமோ அவர் காதில் விழுந்த பேச்சுத்தான் பாட்டில் வரும், தனக்குத்தானே பேசுவது வராது. ஓய்வுபெற்ற தபால்காரர் பிச்சைக்கண்ணு ஒண்டிக்கட்டை. விடிந்ததிலிருந்து செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடி ஊரில் ஒருத்தர் விடாமல் திட்டித் தீர்ப்பவர். அவர் சொன்னதில் ஒரு சொல்கூட எந்தப் பாட்டிலும் வந்ததே இல்லை.

பாட்டையே விட்டுவிடலாமே என்றால் அது நடக்கிற காரியமா? பாட்டில்லாமல் தன்னால் ஒரு கிருதா இறக்க முடியாது என்று சலூன்காரர் சொல்லிவிட்டார். ஆட்டோவுக்கும் டீக்கடைக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் சாவுக்கும் பாட்டு வேண்டும், அதுவும் நேற்று வந்த பாட்டு வேண்டும். ஆகவே கோயில்காரர்களும் பங்குச் சாமியாரும் ஜமாத்துத் தலைவரும் மண்டபத்தில் கூடி, வெள்ளிக்கிழமைதோறும் உலகத்தில் வெளிவருகிற புது ஆல்பங்களை யாராவது ஒருவர் காதுக்குள் மட்டும் கேட்கிற மாதிரி முதலில் கேட்டுவிட வேண்டும், கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று சத்தியம் செய்துவிட வேண்டும், அதற்குப் பிறகு ஊர் கேட்டுக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார்கள். அந்த முதல் காது யாருடையது என்று வந்தபோது ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் எல்லாப் பார்வையும் மண்டபத்துத் தூணோரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கூட்டம் எதற்கென்றே தெரியாமல் உட்கார்ந்திருந்த மெட்டில்டாவின் மேல் போய் நின்றது.

மெட்டில்டா ஐஸ் கம்பெனி மெக்கானிக் எஸ்தாக்கியின் மனைவி. 'கரைமுரசு' என்ற உள்ளூர் வாரப் பத்திரிகையில் 'இந்த வாரக் காது' என்று புது ஆல்பங்களைப் பற்றித் தன் மனசுக்குப் பட்டதை எழுதிக்கொண்டிருந்தவள். கம்பெனிக் குடியிருப்பில் அவர்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்ரசர் ராவும் பகலும் உறுமும். கல்யாணமாகி வந்த புதிதில் தலைவலியாகவே கிடந்தவளுக்கு, எஸ்தாக்கிதான் தூத்துக்குடிக்குப் போய்க் காதை முழுக்க மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்றை வாங்கி வந்து, தன் கையாலேயே மாட்டிவிட்டான். மாட்டினது மாட்டினதுதான். கம்ப்ரசரை மறைக்கப் பாட்டுக் கேட்கத் தொடங்கியவள், பாட்டுக்காகவே பாட்டுக் கேட்கிறவளாகி, சமைக்கும்போதும் துவைக்கும்போதும் அதைக் கழற்றாமல், ஊரில் வம்பு பேசாத ஒரே பெண்பிள்ளை என்று பெயரும் வாங்கிவிட்டாள். வம்பு அவள் காதுக்கே போனதில்லை என்பதை ஊர் நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டது.

இப்படியாக வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவள் ஜன்னலோர மேசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கர்நாடக சங்கீதம், கானா, சூபி, மெட்டல், ஜாஸ், ஞானப்பாடல் என்று வந்த வரிசையில் எல்லாவற்றையும் கேட்டு முடித்து, கம்பெனியில் இருக்கும் கணவனுக்கு "ஆச்சு" என்று ஒரு சொல் அனுப்புவாள். அவன் ஐஸ் கம்பெனிச் சங்கைப் பிடித்து ஊதுவான். சங்குச் சத்தம் கேட்ட மறு நிமிஷம் ஊர் முழுக்கப் பாட்டுப் பொங்கும். ஊருக்கு நிம்மதி, அவளுக்குக் கௌரவம். வாசலில் நெத்திலியும் நுங்கும் பனங்கிழங்கும் வந்து இறங்கின. கொண்டுவந்தவர்கள் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்று அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் சிரித்தால் ஏதோ தெரிந்து சிரிக்கிறாள், சிரிக்காவிட்டால் ஏதோ தெரிந்துதான் சிரிக்கவில்லை.

சத்தியத்தை அவள் மீறவே இல்லை. ஆனால் சந்தேகத்துக்குச் சத்தியம் எந்த மூலைக்கு? அவள் பாட்டைப் பற்றி எழுதினாள், ஊர் அதைத் தன்னைப் பற்றி வாசித்தது. "பனி நாட்டுப் பையன்கள் ஐந்து பேரின் மெட்டல் ஆல்பம். முதல் மூன்று பாட்டும் மர மில்லுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. நாலாவதில் மில்லுக்காரர் சாப்பிடப் போய்விட்டார், அப்போதுதான் தெரிந்தது இந்தப் பையன்களுக்கு அழவும் தெரியும் என்று. எனக்கு அந்த நாலாவது போதும்" என்று ஒரு வாரம் எழுதினாள். ஊரில் மர மில் ஒன்றுதான். மத்தியானம் மில்லிலேயே சாப்பிடுவதாகச் சொல்லிக்கொண்டிருந்த மில்லுக்காரர் எங்கே சாப்பிடப் போகிறார் என்று அவர் சம்சாரம் அன்றைக்கே கரண்டியோடு கிளம்பிவிட்டாள். "சென்னைப் பாடகியின் புதுக் கச்சேரி. கல்யாணியை அளந்து ஊற்றிய பால் மாதிரி பாடியிருக்கிறார். ஒரு சொட்டு சிந்தவில்லை. கொஞ்சம் சிந்தியிருக்கலாம்" என்று எழுதியதில், அளவில் ஏதோ கள்ளம் என்று ஊருக்குப் பட்டு, பால்காரர் இசக்கிக்கு வாடிக்கை பாதி போயிற்று. "கொரியாவிலிருந்து ஏழு பெண்கள். ஏழு பேரையும் ஒரே கண்ணாடி முன்னால் நிறுத்தித் தலைவாரி அனுப்பின மாதிரி ஒரே குரல். ஆனாலும் பாத்திரம் தேய்க்கும்போது கால் தானாக ஆடியதை மறைப்பானேன்" என்று எழுதியதற்கு, மூன்று பெண்களைப் பெற்ற தையல்காரர் சண்டைக்கு வந்தார். தன் பெண்கள் மூன்று பேர்தானே, கணக்கைக் கூட்டிச் சொன்னால் கண்டுபிடிக்க மாட்டோமா என்பது அவர் கேள்வி.

மெட்டில்டா பயந்துபோனாள். உவமையை விட்டாள், கிண்டலை விட்டாள், கோபத்தையும் விட்டாள். "பாடல்கள் நன்று. இசை இனிமை. கேட்கலாம்" என்று எழுதத் தொடங்கினாள். 'கரைமுரசு' ஆசிரியர் அருளப்பன் போன் போட்டார்.

"எம்மா மெட்டில்டா, என்ன இது, மருந்துச் சீட்டு மாதிரி எழுதியிருக்கே? ஒன் எழுத்துல உப்புமில்ல ஒறைப்புமில்ல."

"ஒறைச்சா ஊர்ல அடிக்க வாராங்க அண்ணாச்சி."

"இப்ப மட்டும் சும்மா இருக்காங்கன்னா நெனைக்கே? 'கேட்கலாம்'னு போட்டிருக்கியே, எதைக் கேக்கலாம், யார்ட்டக் கேக்கலாம்னு டீக்கடையில ஒரே தர்க்கம்."

இதெல்லாம் போகட்டும். அவளுக்குள் ஒரு முள் ஏறியது பக்கத்து வீட்டுச் செல்லக்கனியால். செல்லக்கனிக்குத் தன் வீட்டுப் பேச்சு எதுவோ பாட்டில் வந்திருக்கிறது என்று நிச்சயம், அது எதுவென்று தெரியாததில் தூக்கம் கிடையாது. ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் மெட்டில்டாவின் ஒரு பக்கக் காதிலிருந்து ஹெட்போனை விரலால் விலக்கி, "மதினி, எல்லா வீட்டுப் பேச்சும் வருதே, ஒங்க வீட்டுது வருமா?" என்று கேட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வரவில்லை. மெட்டில்டா யோசித்து யோசித்துப் பார்த்தாள். மழைக்கு முன்னாலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் கேட்கிறாள். மாதாகோயில் தெரு முழுக்க, பள்ளிவாசல் தெரு முழுக்க, கோயிலடி முழுக்கக் கேட்டாயிற்று. மாமியார் மருமகள், அண்ணன் தம்பி, எல்லாரும் கோழிகளைப் போலக் கிளறிக் கொட்டியிருக்கிறார்கள். செல்லக்கனி தன் புருஷனிடம் "அந்த மெட்டில்டா காதுல புத்து வைக்கட்டும்" என்று சொன்னதும், ஒரு அழகான கஜலுக்கு நடுவில், வந்துதான் இருக்கிறது. தன் வீட்டிலிருந்து ஒரு சொல் இல்லை. எஸ்தாக்கியின் குரலை அவள் ஒரு பாட்டில்கூடக் கேட்டதில்லை. இன்னும் யோசித்தபோது, பாட்டுக்கு வெளியேயும் எப்போது கடைசியாகக் கேட்டோம் என்று சரியாக நினைவுக்கு வரவில்லை. ஒரு ஆம்பிளை வீட்டில் பேசவில்லை என்றால் வேறு எங்கோ பேசுகிறான் என்றுதானே அர்த்தம் என்று அவள் மனசு கணக்குப் போட்டது. மற்றவர் வீட்டு ரகசியத்தையே கேட்டுப் பழகிய காது, தன் வீட்டில் ரகசியம் இல்லை என்றால் நம்புமா?

அதற்கப்புறம் அவள் கண்ணால் வேவு பார்த்தாள், ஏனென்றால் காது பாட்டில் இருந்தது. அவன் இரண்டு சட்டை புதிதாக எடுத்திருந்தான். கட்டிலுக்கடியில் சக்கரம் வைத்த பெட்டி ஒன்று வந்திருந்தது. பெட்டிக்கு மேல் பழைய பாயைப் போட்டு மூடக்கூட இல்லை, அதுவே சந்தேகம், மூடாமல் வைத்தால் சந்தேகம் வராது என்று வைத்திருக்கிறான். இறால் கம்பெனிக்கு வந்திருக்கும் வடக்கத்திப் பையன்களோடு சாயங்காலம் சேர்ந்து நிற்கிறான். போதாக்குறைக்குச் செல்லக்கனி வந்து, "அண்ணன் குளிக்கையில இந்தி பேசுதாவ மதினி. சலோ சலோங்காவ, கித்னா கித்னாங்காவ. எங்க வீட்டு அடுக்களைக்குக் கேக்கு" என்று ஹெட்போனை விலக்கி ஊற்றிவிட்டுப் போனாள். இந்திக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்பது மெட்டில்டாவுக்கு அன்றோடு உறுதியாகிவிட்டது. இறால் உரிக்க வந்தவள், சிவப்பு வளையல் போட்டவள், சிரித்தால் பல் தெரியாதவள் என்று அவளுக்கு ஒரு முகத்தையே செய்து வைத்துக்கொண்டு, அந்த முகத்தோடு ராப்பகலாக மனசுக்குள் மல்லுக்கட்டினாள். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவான், ஒரு வெள்ளிக்கிழமை பாட்டில் மாட்டாமலா போவான் என்று காத்திருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை நாலு ஆல்பம் வந்திருந்தது. முதலில் வட சென்னைப் பையன் ஒருவனின் கானா. செத்துப்போன சிநேகிதனோடு ஆட்டோவில் போவதாகப் பாடியிருந்தான், பாட்டுக்குப் பாட்டு சிநேகிதன் இறங்க மறுத்தான். ரொம்ப நாளைக்கப்புறம் மெட்டில்டாவுக்கு ஒறைப்பாக நாலு வரி எழுத வேண்டும் என்று கை துறுதுறுத்தது. பாட்டை நிறுத்திவிட்டு, ஹெட்போனைக் கழற்றாமல், பேனாவை எடுத்தாள். கம்ப்ரசர் அன்று ஏதோ பழுதென்று நின்றிருந்தது. அந்த அமைதியில், ஹெட்போனின் பஞ்சையும் தாண்டி, முதுகுக்குப் பின்னால் எஸ்தாக்கியின் குரல் கேட்டது.

"இதுக்கு மேல கெஞ்ச எனக்குத் தெம்பில்ல. நீ வந்தா ரெண்டு பேரா இருப்போம். வராட்டி நான் ஒத்தையில இருந்துக்கிடுதேன். பதினொண்ணேகால் பஸ்ஸு."

மெட்டில்டா அசையவில்லை. அகப்பட்டுக்கொண்டான் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. போனில் அவளோடு பேசுகிறான், இந்திக்காரிக்குத் தமிழும் தெரியும் போலிருக்கிறது, கூப்பிட்டும் வர மாட்டேன் என்கிறாள், இவன் கெஞ்சுகிறான். இன்னும் என்ன சொல்கிறான் என்று கேட்பதற்காக, பாட்டில் மூழ்கிக் கிடக்கிறவள் போலத் தலையைக் கூட லேசாக ஆட்டினாள். பின்னால் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் பெட்டிச் சக்கரம் தரையில் உருளுகிற சத்தம், அப்புறம் கதவு. அவள் அப்படியே இருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டி, கானாவைப் பற்றி எழுதிய முதல் வரியை அழித்தது.

அழுதாலும் ஊர் வேலை ஊர் வேலைதானே. அடுத்த ஆல்பத்தைப் போட்டாள். ஏதோ ஒரு தீவின் கிழவர் ட்ரம்பெட் வாசித்த ஜாஸ். கிழவர் ஒரு நீண்ட வாசிப்பை வாசித்து, உதட்டை எடுத்து, மூச்சு வாங்கினார். அந்த மூச்சுக்குள் எஸ்தாக்கி வந்தான். இதுக்கு மேல கெஞ்ச எனக்குத் தெம்பில்ல.

தன் வீட்டுப் பேச்சு பாட்டில் வருவது அவளுக்கு இதுதான் முதல் தடவை. அழுகைக்கு நடுவிலும் அவள் காது அதன் தொழிலைச் செய்தது, அதை அவளால் நிறுத்த முடியவில்லை. 'தெம்பில்ல' என்ற இடத்தில் குரல் உடைந்தது. 'ரெண்டு பேரா' என்ற இடத்தில் குனிந்தது. மைக்கைப் பார்த்துப் பாடுகிறவனுக்கும் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்த்துப் பாடுகிறவனுக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்கு அத்துப்படி. இந்தக் குரல் போனுக்குள் போன குரல் இல்லை. ஒரு முழத் தூரத்தில், உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் பிடரியைப் பார்த்துச் சொல்லப்பட்ட குரல். 'பஸ்ஸு' என்று முடிந்த பிறகு ஒரு மௌனம் இருந்தது. அந்த மௌனமும் பாட்டில் அப்படியே வந்திருந்தது. பதிலுக்குக் காத்து நிற்கிற ஒருவனின் மௌனம், பிறகு பதில் வராது என்று தெரிந்துகொண்ட ஒருவனின் மூச்சு.

காதில் விழுந்த பேச்சுத்தான் பாட்டில் வரும். இன்று விழுந்தது, இன்று வந்தது. அப்படியானால் இத்தனை மாசமாக விழாதது எவ்வளவு? மெட்டில்டா எழுந்தாள். மீதி இரண்டு ஆல்பத்தையும் கேட்கவில்லை, "ஆச்சு" அனுப்பவில்லை, ஹெட்போனைப் பிடுங்கி மேசையில் எறிந்துவிட்டுச் செருப்பு போடாமல் தெருவில் ஓடினாள்.

அவளுக்குக் காது இருப்பதை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. காதில் சிவப்புக்கல் கம்மல் போட்டிருக்கிறாள் என்பதும், ஹெட்போன் அழுத்தி அழுத்திக் காதோரம் தழும்பாகியிருக்கிறது என்பதும் அன்றுதான் தெரிந்தது. வெறுங்காதோடு அழுதுகொண்டே முதல் காது ஓடுகிறது, மணி பதினொன்றாகியும் சங்கு ஊதவில்லை, அப்படியென்றால் கேட்கக் கூடாத எதையோ கேட்டுவிட்டாள், சாமியாரிடமோ போலீஸிடமோ போகிறாள், அது யார் வீட்டுப் பேச்சு? ஒவ்வொருவருக்கும் தன் வீட்டுப் பேச்சுத்தான் என்று தோன்றியது. அவள் வாயால் வெளிவருவதற்குள் தாங்களே சொல்லிவிடுவது மேல் என்று மர மில்லுக்காரர் மில்லை நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடிப் பெண்டாட்டியிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தார். தையல்காரர், தன் அண்ணனைப் பழித்ததைச் சொல்லிவிட அவர் வீட்டுக்கு ஓடினார். பல்லைப் பழித்த மாமியார் மருமகளின் அடுப்புக்கு முன்னால் போய் நின்றாள். கவுன்சிலர் வேலாண்டி பஜாரில் நின்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம், ஆமாம் கொமட்டத்தான் செய்கிறது, ஆனால் எல்லாரையும் பார்த்து இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார். செல்லக்கனி தன் வாசலிலேயே நின்று, ஓடுகிற மெட்டில்டாவைப் பார்த்து, "மதினி, புத்து வைக்கட்டும்னது நாந்தான், கோவத்துல சொல்லிட்டேன்" என்று கத்தினாள். அன்று மத்தியானத்துக்குள் முந்தல்கரையில் சொல்லாமல் மீதி வைத்த பேச்சு அநேகமாக ஒன்றும் இல்லை. மெட்டில்டாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

பஸ் நிலையத்தில் நாகர்கோவில் பஸ்ஸில் பெட்டியை ஏற்றிவிட்டு, படிக்கட்டுப் பக்கத்தில் எஸ்தாக்கி நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு நொடி மலர்ந்து, மறு நொடி சந்தேகத்தில் சுருங்கியது.

"என்னத்துக்கு வந்தே? வழியனுப்பவா?"

"காலையில யார்ட்டப் பேசுனீங்க?"

"இதென்ன கேள்வி. நம்ம வீட்டுல வேற யாரு இருக்கா?"

"எனக்குக் கேக்கலங்க. இன்னைக்குச் சொன்னதத் தவிர ஒண்ணும் எனக்குக் கேக்கல."

"கேக்கலையா?" என்றான் எஸ்தாக்கி. "தெனம் சாயங்காலம் ஒன் முதுகுக்குப் பின்னால நின்னு சொல்லியிருக்கேன். குஜராத்துப் பக்கம் வேராவல்ல வேல கெடச்சிருக்கு, வீடு குடுக்கான், கம்ப்ரசர் சத்தம் இல்லாத வீடு, வாரியா, இந்திகூடப் படிக்கேன்னு சொல்லியிருக்கேன். காதுல மாட்டியிருக்கியே, கழத்தச் சொன்னா சடைப்பியேன்னு, சரி, அரைகொறையா விழுந்தாலும் போதும், வெள்ளிக்கெழம பாட்டுல வந்து விழுந்துரும்னுதான் சொன்னேன். ஊரான் பேச்சையெல்லாம் கொண்டாந்து சேக்குத பாட்டு, என் பேச்ச மட்டும் விட்டுருமா? வாரா வாரம் நீ 'ஆச்சு'ன்னு அனுப்புவே. ஆச்சு, கேட்டுட்டா, பதில் சொல்லப் பிடிக்கல போலன்னு நெனைச்சுக்கிட்டு நான் சங்கப் பிடிச்சு ஊதுவேன்."

மெட்டில்டா படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சங்குச் சத்தம் விடாமல் அத்தனையும் இப்போதுதான் அவள் காதுக்குள் ஊதியது.

"ஒண்ணுகூட வரல. மாதா மேல சத்தியமா வரல. விழாத பேச்சு எப்பிடி வரும்?"

"சத்தியத்த எங்கிட்டச் சொல்லாத. நீ சத்தியம் பண்ணிக்கிட்டுத்தான் ஊரு பேச்ச வயித்துக்குள்ள வச்சிருக்கே. என்னுதையும் வச்சிருக்கமாட்டேன்னு நான் எதை வச்சு நம்ப?"

அவளிடம் சாட்சி இல்லை. கேட்கவில்லை என்பதற்கு உலகத்தில் யாரால் சாட்சி காட்ட முடியும்? கண்டக்டர் விசில் ஊதினார். எஸ்தாக்கி ஏறினான்.

"நம்பாண்டாம்" என்றாள் மெட்டில்டா, பின்னாலேயே ஏறி. "நம்பவே வேண்டாம். திரும்பச் சொல்லுங்க."

"எதை?"

"மொதல்லருந்து. எல்லாத்தையும்."

பஸ் நகர்ந்தது. கண்டக்டர் வந்து, வெறுங்காலோடு நிற்கிற பெண்ணைப் பார்த்து எங்கே என்று கேட்டார். இவர் எங்கே இறங்குகிறாரோ அங்கே என்று அவள் சொன்னாள். எஸ்தாக்கி அவளுக்கும் டிக்கெட்டை வாங்கி, ஜன்னலோரம் நகர்ந்து இடம் விட்டான். உட்கார்ந்தவள் உடம்பை முழுக்க அவன் பக்கம் திருப்பி, முந்தானையால் முகத்தைத் துடைத்து, தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள். அவன் கொஞ்ச தூரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். சும்மாதான் கேட்கிறாளோ, ஊர் என்ன சொல்லும் என்று பயந்து வந்தாளோ என்று அவன் மனசு ஒரு சுற்றுச் சுற்றியது அவன் தாடையிலேயே தெரிந்தது. திரும்பிப் பார்த்தான். அவள் அசையாமல் காத்திருந்தாள்.

"மொதல்ல சொன்னது," என்றான் எஸ்தாக்கி, "கொழம்புல உப்பு இல்லன்னு."

"ம்."

"ரெண்டு நாளா இல்ல. நான் சொல்லுதேன், நீ தலையத் தலைய ஆட்டுத. சரின்னு ஆட்டுதியா, பாட்டுக்கு ஆட்டுதியான்னு தெரியல. மூணாம் நாளு உப்ப நானே போட்டுக்கிட்டேன்."

"அப்பறம்?"

அந்த நேரத்தில்தான் வெளியூர்க்காரரான டிரைவர், சங்கு ஊதாத விஷயம் தெரியாமல், அன்று காலையில் வெளிவந்த புது ஆல்பம் ஒன்றைச் சத்தமாகப் போட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் பதறி எழுந்தார்கள், பாதிப் பேர் காதைப் பொத்தினார்கள், "ஏ டிரைவரே, நிறுத்தும்வே, இன்னும் கேட்டாகல!" என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் கத்தினார். அவர் கத்தி முடிப்பதற்குள் பாட்டின் இடைவெளியில் ஒரு வீட்டுப் பேச்சு கணீரென்று வந்தது. பஸ் மொத்தமும் ஒரே ஆளின் பக்கம் திரும்பியது. அந்த ஆள் எழுந்து, ஊர் எல்லைப் பாலத்துக்கு முன்னாலேயே இறங்கிப் போனார். யார் அவர், என்ன பேச்சு என்பதை இன்றைக்கும் அந்த ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். உலகத்துப் பாட்டையெல்லாம் பிரித்து மேய்ந்த மெட்டில்டா முன்சீட்டில்தானே இருந்தாள், சரியாகக் கேட்டிருப்பாள் என்று அருளப்பன் மறுநாள் அவளுக்குப் போன் போட்டு, அந்தப் பேச்சு வேண்டாம், சத்தியம் சத்தியமாக இருக்கட்டும், ஆல்பம் எப்படி என்று மட்டும் ரெண்டு வரி சொல் என்று கேட்டார்.

"பஸ்ஸுல பாட்டா போட்டாங்க அண்ணாச்சி?" என்றாள் மெட்டில்டா.